இந்த வருஷம் யானை இல்லை

1

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், நாங்கள் காபி குடிக்க உட்காரும் அறையின் ஜன்னல் திட்டில் மரயானைகள் வரிசையாக நிற்கின்றன. பெரியது ஒன்று, குட்டிகள் சில, தும்பிக்கை ஒடிந்து பசை போட்டு ஒட்டியது ஒன்று. எல்லாம் நான் கொண்டுவந்து வைத்தவைதான். இந்த ஊரில் அது ஒரு வழக்கம். விடுப்பில் எங்கே போனாலும், கூட வேலை பார்ப்பவர்களுக்கு அந்த ஊர்ச் சாமான் ஏதாவது ஒன்று கொண்டுவர வேண்டும். இத்தாலிக்குப் போனவர் பிஸ்கட் கொண்டுவருவார். மதுரைக்குப் போகும் நான் யானை கொண்டுவருவேன்.

போன வாரம் ஊரிலிருந்து திரும்பி வேலைக்குப் போன முதல் நாளே, கூட வேலை பார்க்கும் மோனிகா ஜன்னலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "யோத்தி, இந்த வருஷம் யானை எங்கே?" என்று கேட்டாள். என் பெயர் ஜோதி. ஜெர்மன்காரர்கள் வாயில் 'ஜோ' வராது, 'யோ'தான் வரும். முதல் சில வருஷம் திருத்திப் பார்த்தேன். இப்போது எங்காவது 'ஜோதி' என்று சரியாகக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பேன்.

"கடை பூட்டியிருந்தது" என்று மோனிகாவிடம் சொல்லிவிட்டேன். கடை திறந்துதான் இருந்தது. ஆனால் நடந்ததை அவளுக்குச் சொல்வதென்றால், பிறந்த வீடு என்றால் என்ன, கருமாதி என்றால் என்ன, மதினி என்பவள் யார் என்றெல்லாம் ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் எங்கள் இடைவேளை முடிந்துவிடும். உங்களுக்கு அதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2

எங்கள் வீடு வில்லாபுரத்தில் இருக்கிறது. அண்ணன் செல்லப்பாண்டிக்கு அவனியாபுரத்தில் லேத் பட்டறை. வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு வண்டியில் கால் மணி நேரம்தான் ஆகும். இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் நாங்கள் ஒரு தடவைகூட நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. தேனியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் வருகிறவர்கள் விடிவதற்கு முன்னாலேயே வந்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றையும் சாப்பிட்டுவிட்டு, கைகழுவி உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்குத்தான் அண்ணன் குளிக்கப் போவான். கேட்டால், "ஏர்போர்ட்டு எங்க போகப் போகுது? அங்கனக்குள்ளதான இருக்கு" என்பான்.

ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும், இந்தத் தடவை சித்திரை வீதிப் பக்கம் ஒரு நாள் போய் மோனிகாவுக்கும் மற்றவர்களுக்கும் நல்லதாக நாலு சாமான் பார்த்து வாங்க வேண்டும் என்று நினைப்பேன். ஒரு நாள் காதுகுத்து வரும், ஒரு நாள் சமயநல்லூரில் என் மாமியார் வீட்டில் கறிச்சோறு இருக்கும், ஒரு நாள் வயிறு சரியிருக்காது. பெட்டியை எடைபோட்டு உள்ளே அனுப்பி, கையில் சீட்டும் வாங்கிய பிறகுதான் 'ஐயையோ, மோனிகா!' என்று நினைவு வரும். அப்புறம் இருக்கவே இருக்கிறது விமான நிலையத்துக் கடை.

அந்தக் கடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோபுரம் அச்சிட்ட சாவிக்கொத்து, சந்தன சோப்பு, பாக்கெட்டில் அடைத்த ஜிகர்தண்டா பவுடர், பிளாஸ்டிக் உறையில் சுங்குடிச் சேலை, அப்புறம் யானை. மதுரையில் பிறந்து வளர்ந்தவள் நான். மதுரையில் எவர் வீட்டிலும் இப்படி ஒரு மரயானையைப் பார்த்ததில்லை. வயிற்றுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வடக்கே எங்கேயோ உள்ள ஊரின் பெயர் இருக்கும். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் அந்தச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுப்பதுதான் என் முதல் வேலை. அதற்கப்புறம் அது மதுரை யானை ஆகிவிடும்.

அம்மா இருந்தவரை, நான் கிளம்பும் அன்று ஒரு தட்டு வைப்பாள். சேலை, ஜாக்கெட் துணி, பூ, குங்குமம், ஓர் எலுமிச்சம்பழம். "பொம்பளப் பிள்ள பொறந்த வீட்டுப் படிய வெறுங்கையோட எறங்கக் கூடாது" என்பாள். அண்ணன் கையால்தான் தட்டைக் கொடுக்கச் சொல்வாள், காசும் அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும். நான் சண்டை போடுவேன். பெட்டியில் இடம் இல்லை, அங்கே குளிரில் சேலையை எங்கே கட்டுவது, பீரோவில் போன வருஷத்துச் சேலையே மடிப்புக் கலையாமல் கிடக்கிறது என்பேன். "ஆமா, இவ கட்டுறதுக்குத்தான் குடுக்குறாக" என்று அம்மா தட்டை என் கையில் திணிப்பாள்.

விமான நிலையத்தில் பெட்டியை எடைபோட வாங்கும்போது ஒரு கேள்வி கேட்பார்கள். பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா, கொண்டுபோகச் சொல்லி யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்று. அதற்கு ஒரே பதில்தான் உண்டு. ஒரு தடவை விமானம் ஏறியவனுக்குக்கூட அது தெரியும். பெட்டி பிதுங்க அண்ணன் கொடுத்த சேலையையும் அம்மா இடித்த பொடியையும் வைத்துக்கொண்டு, "இல்ல, இல்ல" என்று வேகமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடுவேன்.

3

போன வருஷம் அம்மா இறந்துபோனாள். அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மாவும் போனாள்.

என் கையில் இருப்பது ஜெர்மன் பாஸ்போர்ட். வெளிநாட்டில் குடியுரிமை எடுத்தவர்கள் ஊருக்கு வந்துபோக ஓர் அட்டை எடுத்து வைத்துக்கொள்ளலாம். எடுக்கலாம், எடுக்கலாம் என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டிருந்தேன். ஆக, பெற்ற தாய் சாவுக்குப் போக விசா வாங்க வேண்டிய ஆளாகிவிட்டேன். அவசர விசா வேண்டுமென்றால் இறந்ததற்கு அத்தாட்சி காட்டுங்கள் என்றார்கள். கொள்ளி வைத்த கையோடு அண்ணன் அத்தாட்சிக்கு அலைந்தான். அம்மா எரிந்ததை நான் இங்கே சமையலறையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். பாதியில் படம் நின்றுவிட்டது. அதையும் சேர்த்துத்தான் அழுதேன்.

விடுப்பு கேட்கப் போனபோது எங்கள் மேலாளர் எழுந்து நின்று கைகொடுத்து, துக்கத்துக்குச் சொல்லும் ஜெர்மன் வார்த்தையை முறையாகச் சொன்னார். நான் "நன்றி, உங்களுக்கும் அப்படியே" என்றேன். பண்டிகை வாழ்த்துக்குச் சொல்ல வேண்டிய பதில் அது. இருபது வருஷம் பேசிய பாஷை, வேண்டிய நேரத்தில் காலை வாரிவிட்டது. அவர் பாவம், சிரிக்கவும் முடியாமல் கையை விடவும் முடியாமல் நின்றார்.

மகள் இனியாவுக்குப் பரீட்சை இருந்தது. என் வீட்டுக்காரர் குமரேசன் அவளோடு இருந்துகொண்டார். "பாட்டி வீட்டுக்கு நீ வரலயாடி?" என்று கேட்டதற்கு, "உங்க ஊருக்கு நான் சம்மர்ல வாரேன்மா" என்றாள். 'உங்க ஊரு' என்று அவள் சொல்வதைத் திருத்துவதை நான் விட்டு ரொம்ப நாள் ஆகிறது. ஆனால் அன்றைக்கு அது சுருக்கென்று குத்தியது.

பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். பந்தல் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். மதினி தனலட்சுமி சமையல்காரர்களுக்கும் ஐயருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள் அவள். அளந்துதான் பேசுவாள். என்னிடம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு நேரமும் இல்லை என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தோன்றியது வேறு. அம்மா போய்விட்டாள், இனி இந்த வீடு மதினி வீடு, நான் விருந்தாளி என்று தோன்றியது.

4

காரியம் முடிந்த மறுநாள் எனக்கு விமானம். காலையில் பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தேன். அம்மா படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் சும்மா அங்கேயும் இங்கேயும் நடந்தேன். சமையலறையை எட்டிப் பார்த்தேன். என்ன எதிர்பார்க்கிறேன் என்று என் வாயால் எனக்கே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. தட்டைத்தான் எதிர்பார்த்தேன்.

தட்டு வரவில்லை. பூ வரவில்லை. ஒரு சிட்டிகை குங்குமம்கூட வரவில்லை. அண்ணன் பெட்டியைத் தூக்கி வாடகைக் காரில் வைத்துவிட்டு, "நேரமாச்சு பாப்பா, ஏறு" என்றான். நான் வாசலில் நின்று, "போயிட்டு வாரேன் மதினி" என்றேன். மதினிக்கு முகம் மாறிப்போனது. பதிலே சொல்லவில்லை. விருட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணனாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். விமான நிலைய வாசலில் என்னை இறக்கி, "சரி, உள்ள போ" என்றான். எப்போதும் கண்ணாடிக்கு வெளியே நின்று நான் மறையும்வரை கையாட்டுகிறவன், அன்றைக்குத் திரும்பியே பார்க்காமல் போய்விட்டான்.

பெட்டியை எடைபோடும் இடத்தில் ஒரு சின்னப் பெண். "மேடம், பெட்டிய நீங்களேதான் அடுக்குனீங்களா? யாராவது எதாவது குடுத்துவிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். "யாரும் எதுவும் குடுக்கல."

எத்தனையோ தடவை சொன்ன பதில்தான். அன்றைக்குத்தான் அது முதன்முதலாக நிஜமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. அந்தப் பெண் பதறிப்போய், "ஐயோ மேடம், சும்மா ரூல்ஸுக்குத்தான் கேக்குறோம். எல்லார்கிட்டயும் கேப்போம்" என்றாள்.

5

கடைக்குப் போனேன். யானை வாங்க வேண்டுமே. சாவு வீட்டிலிருந்து திரும்பினாலும் அந்த ஜன்னலுக்கு யானை போய்ச் சேர வேண்டும். ஒரு குட்டி யானையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் என்று தெரியாமல் சேலை அடுக்கின் முன்னால் போய் நின்றேன்.

"என்னக்கா, வெளிநாட்டுக்காரவுகளுக்கா? அவுகளுக்குன்னா ஷால் எடுங்கக்கா, சேலைய என்ன பண்றதுன்னு தெரியாம ஜன்னலுக்குத் தொங்கவிட்டுருவாக" என்றாள் கடைக்காரப் பெண். பக்கத்தில் பெருங்குடிதான் அவளுக்கு ஊராம். நல்ல வாய்.

"எனக்குத்தாம்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் தானாகச் சொல்லியது: "எங்கண்ணன் எடுத்துக்கிறச் சொன்னான். பொறந்த வீட்டுச் சேலை."

"குடுத்து வச்ச ஆளுக்கா நீங்க. எங்கண்ணன் தீவாளிக்கு ஒரு ஜாக்கெட் துணி எடுக்கிறதுக்கே மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பான். அண்ணனுக்கு எந்தக் கலர்க்கா பிடிக்கும்?"

அண்ணனுக்குத் தெரிந்த ஒரே கலர் கிரீஸ் கறுப்பு. நான் மாம்பழக் கலரில் அரக்குக் கரை போட்ட ஒரு சுங்குடியை எடுத்தேன். அம்மா இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பாள். விலைச் சீட்டைக் கிழித்தேன். ஒட்டியிருந்த கடைப் பெயரை நகத்தால் சுரண்டினேன். யானைக்குச் செய்து செய்து பழகிய கை. "கோபுரம் போட்ட பை வேணாம்மா, சாதா கவர் இருக்கா?" என்றேன். "ஏர்போர்ட்ல ஏதுக்கா சாதா கவரு?" என்று சிரித்தாள். சேலையை உறையிலிருந்து உருவி, என் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"இந்தாங்கக்கா, சேலைக்கு இது ஃப்ரீ" என்று ஒரு குங்குமப் பொட்டலத்தை நீட்டினாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த குங்குமம் அது ஒன்றுதான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் கேட்பார்கள். மாமா என்ன கொடுத்தார் என்று மகள் கேட்பாள். ஒன்றும் கொடுக்கவில்லை என்று நான் சொல்லிவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஆகிவிடும். சொல்லாத வரைக்கும் இருக்கிறது. அவ்வளவுதான் கணக்கு.

6

வீட்டுக்கு வந்து பெட்டியையும் கைப்பையையும் திறந்ததும் இனியா வந்து உட்கார்ந்தாள். சேலையைத் தடவிப் பார்த்து, "இது மாமா குடுத்ததா?" என்றாள். "ஆமா" என்றேன். குமரேசன் மட்டும் புருவத்தைத் தூக்கினார். "இந்த நேரத்துலயா மச்சான் சேலை குடுத்துவிட்டாரு?" என்றார். எனக்கு அது குத்திக்காட்டியதாகப் பட்டது. "எங்கண்ணன் எந்த நேரத்துலயும் குடுப்பான். உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று பாய்ந்தேன்.

அந்தச் சேலைக்குப் பொருத்தமாக என்னிடம் அரக்கு நிறத்தில் ஒரு ஜாக்கெட் உண்டு. உடம்புக்குக் கச்சிதமாக இருக்கும். ஊருக்கு எடுத்துப்போயிருந்தேன். பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாலும் கிடைக்கவில்லை. வில்லாபுரத்துக் கொடியில் விட்டுவிட்டு வந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். போன் போட்டு மதினியிடம் கேட்க வீம்பு விடவில்லை. சேலை பீரோவிலேயே கிடந்தது. எப்போதாவது கதவைத் திறந்து பார்ப்பேன், மூடிவிடுவேன்.

இதற்கு நடுவில் என் மகள் ஒரு காரியம் செய்தாள். தமிழில் பேசச் சொன்னால் ஓடி ஒளிகிற பிள்ளை, அவளாகவே மாமாவுக்குப் போனில் குரல் பதிந்து அனுப்பிவிட்டாள். "மாமா, நீங்க குடுத்த சாரி ரொம்ப அழகா இருக்கு. தேங்க்ஸ் மாமா. அம்மா அத கட்டவே மாட்டேங்குது. சும்மா சும்மா பாக்குது." அனுப்பிவிட்டு வந்து, "என் தமிழ் சரியாம்மா?" என்று எனக்குப் போட்டுக் காட்டினாள். நான் தோசைக் கரண்டியோடு நின்றேன். தோசை கருகியது.

பதில் வந்தது. அவளே சத்தமாகப் போட்டாள். முதலில் லேத் ஓடும் சத்தம். அப்புறம் லேத் நின்றது. பிறகு அண்ணன் குரல்: "ஆமாடா தங்கம். நல்லாருக்கா? உங்கம்மாவுக்கு எந்தக் கலரும் எடுப்பாத்தான் இருக்கும். கட்டச் சொல்லு."

அவன் உடனே போன் போட்டு என்னைக் கேட்பான் என்று இருந்தேன். கேட்கவே இல்லை. வாராவாரம் பேசினான். மழை பெய்ததைச் சொன்னான், பட்டறைக்குப் புது மோட்டார் வாங்கியதைச் சொன்னான், மாப்ள எப்படி இருக்கார் என்று விசாரித்தான். சேலையைப் பற்றி மூச்சு விடவில்லை. கோபமா, கேவலமாக நினைக்கிறானா, மதினியிடம் சொல்லிவிட்டானா, ஒன்றும் தெரியவில்லை. வருஷம் முழுக்க அந்த நினைப்பாகவே இருந்தேன். அம்மாவுக்கு வருஷத் திதி வந்தபோது, போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். போகாவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது என்று அதுவும் பயமாக இருந்தது.

7

இந்தத் தடவை, ஊருக்கு வந்துபோகும் அந்த அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒருத்தரிடமும் அத்தாட்சி காட்டாமல் போய் இறங்கினேன். திதி நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கிளம்ப வேண்டும். பெட்டியைப் பூட்டிவிட்டு, எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

மதினி தட்டோடு நின்றாள்.

சேலை, பூ, குங்குமம், எலுமிச்சம்பழம். பளிச்சென்று கிளிப்பச்சைச் சேலை. அதன்மேல் தைத்து முடித்த புது ஜாக்கெட். அதற்கும் மேலே, மடித்து வைத்த என் பழைய அரக்கு ஜாக்கெட்.

"இது எப்படி மதினி இங்க?" என்று கேட்டேன். முதலில் அதுதான் வாயில் வந்தது.

"நான்தான் போன தடவை உன் பெட்டியில இருந்து எடுத்தேன். அளவு ஜாக்கெட் இல்லாம உனக்கு எப்படித் தைக்கிறதாம்?" என்றாள் மதினி. "போன வருஷமே எடுத்த சேலைதான் இது. உங்கண்ணன் எடுத்த கலரு, என்னயச் சொல்லாத. கருமாதி முடிஞ்ச வீட்டுல இருந்து பூவும் குங்குமமும் குடுத்துவிட முடியுமா? வருஷம் திரும்பட்டும்னு பீரோவுல வச்சிருந்தேன்."

நான் புது ஜாக்கெட்டின் தையலைத் தொட்டுப் பார்த்தேன்.

"நீ என்னடான்னா வாசல்ல நின்னுக்கிட்டுப் போயிட்டு வாரேங்கிற. எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு. துக்க வீட்டுல யாராச்சும் சொல்லிட்டுக் கிளம்புவாகளா? சொல்லிட்டுப் போனா, இன்னொரு துக்கத்துக்குத் திரும்பி வாரேன்னு அர்த்தமாகிராது? அதான் காதுல வாங்காத மாதிரி உள்ள போயிட்டேன். ராவெல்லாம் சாமியக் கும்பிட்டேன்."

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? அத்தனை சாவு வீடுகளிலிருந்தும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் நழுவி வந்தவள்தானே நான். வெறுங்கையோடு படி இறங்கக் கூடாது என்ற வழக்கம் மட்டும் கடல் தாண்டியும் மறக்கவில்லை. சாவு வீட்டு வழக்கம் சுத்தமாக மறந்துபோயிருக்கிறது. எனக்கு வேண்டியதை மட்டும் நினைவு வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக இந்த மனுஷியை வைது தீர்த்திருக்கிறேன். குமரேசன் அன்றைக்குக் கேட்டதும் இதைத்தான்.

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். தட்டை மதினியிடமிருந்து வாங்கினான். கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஏம் பாப்பா, போன வருஷம் நான் ஒரு சேலை குடுத்தேன்ல?"

எனக்குத் தலை நிமிரவில்லை.

"குடுத்தவன் நானு. நானே இன்னும் அதக் கண்ணால பாக்கல. என்ன கலரு அது?"

"மாம்பழக் கலர்ண்ணே" என்றேன். "அரக்குக் கரை."

"அட, நல்லாத்தான எடுத்திருக்கேன்!" என்றான். "பெறகு ஏன்டி இந்தப் பச்சைய இம்புட்டுக் கேவலமா எடுத்தேன்?" என்று மதினியிடம் திரும்பிக் கேட்டான். மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. நானும் சிரித்தேன், அழுதேன், எது எப்போது என்று தெரியவில்லை. அண்ணன் தட்டை என் கையில் கொடுத்து, "ஒரு வார்த்தை கேக்க மாட்டியாத்தா? ஏன்ணே ஒண்ணும் குடுக்கலன்னு கேட்டா என்ன, நான் அடிச்சுருவேனா?" என்றான். அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

மதினி எனக்குப் பூ வைத்துவிட்டாள். வாசலில் நின்று, சத்தமாக, "போயிட்டு வாரேன் மதினி" என்றேன்.

"மகராசியாப் போயிட்டு வா" என்றாள்.

8

வழக்கம்போல நேரமாகிவிட்டது. இந்த முறை அண்ணன் கண்ணாடிக்கு வெளியே நின்றான். நான் பெட்டியை உருட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். எதிரே கடை திறந்திருந்தது. யானைகள் வரிசையாக நின்றன. பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒன்று எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை வேறொரு பெண். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள். "பெட்டிய நீங்களே அடுக்குனீங்களா மேடம்? யாராவது எதாவது குடுத்துவிட்டாங்களா?"

"ஆமாம்மா" என்றேன். "குடுத்தாங்க."

அவள் விரல்கள் நின்றுவிட்டன. நிமிர்ந்து பார்த்தாள். "யாரு மேடம்?"

"எங்கண்ணன். சேலை குடுத்தான். எங்க மதினி ஜாக்கெட் தச்சுக் குடுத்தா. முறுக்கு சுட்டுக் குடுத்தா. பொடி இடிச்சுக் குடுத்தா."

எனக்குப் பின்னால் நின்ற தேனிக்காரர், "ஏம்மா, இல்லைன்னு சொல்லிட்டு நகருங்கம்மா, பிளைட்டு போயிரும்" என்று முணுமுணுத்தார். அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டாள். டை கட்டிய இளவயதுக்காரர் ஒருவர் வந்தார். பெட்டியை ஓரமாகத் தள்ளிவந்து திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். கிளிப்பச்சைச் சேலையை எடுத்து மேஜைமேல் விரித்தார்கள். புது ஜாக்கெட், பழைய ஜாக்கெட், முறுக்கு டப்பா, பொடிப் பொட்டலங்கள், காகிதத்தில் சுற்றிய எலுமிச்சம்பழம். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். கண்ணாடிக்கு வெளியே அண்ணன் இரண்டு கையையும் விரித்து, என்ன ஆச்சு என்று ஜாடை கேட்டான். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி, நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்து அழுத்திப் பெட்டியை மூடுவதற்குள் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஜோதி என்றே கூப்பிட்டார்கள். இனி கடைப் பக்கம் திரும்பக்கூட நேரம் இல்லை. மோனிகாவுக்கு முறுக்குதான்.

அந்த அதிகாரி சீட்டை என் கையில் கொடுத்தார். நல்ல பிள்ளை. எனக்கு நல்லது சொல்வதாக நினைத்துக் குரலைத் தாழ்த்தி, "மேடம், வீட்டாளுக குடுக்குறதெல்லாம் இதுல சேராது. அடுத்த தடவை கேட்டா, யாரும் எதுவும் குடுக்கலன்னே சொல்லிருங்க. உங்களுக்கும் நேரம் மிச்சம்" என்றார்.

"அத எப்படித் தம்பி சொல்றது?" என்றேன்.